மன்னித்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா?

சகோதரி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா உயில் எழுதாமல் காலமானார். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று அண்ணன் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். நீங்களும் போட்டுக் கொடுத்தீர்கள். அது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்பது பின்னால்தான் தெரிந்தது. வீடும் விளையும் (தோட்ட நிலமும்) அண்ணன் பெயருக்குப் போய்விட்டன. பத்திரம் செல்லாது, பாகம் பிரித்துத் தரவேண்டும் என்று இப்போது சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அண்ணன் உங்கள் சேகரக் (திருச்சபை வட்டார) கமிட்டியில் இருக்கிறார், கோயிலில் உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறார். சேகர குருவானவரோ, "இயேசு மன்னிச்ச மாதிரி மன்னிச்சிடுங்க, கேஸை வாபஸ் வாங்குங்க, சபைக்குச் சாட்சிக்கேடா இருக்கு" என்கிறார். மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பதென்றால் வழக்கை விட்டுவிட வேண்டுமா? மனசில் இத்தனை கசப்பை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கலாமா? அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகவேண்டுமா?

மன்னிக்கத்தான் வேண்டும். அதில் கிறிஸ்தவனுக்கு விதிவிலக்கே கிடையாது. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று சொன்னவர் எந்தச் சத்துருவை, எவ்வளவு தூரம் என்றெல்லாம் எல்லை வைக்கவில்லை. ஆனால் மன்னிப்பு என்ற பெயரில் உங்கள் தலையில் வைக்கப்படுகிற சுமைகளில் பாதிக்குமேல் வேதத்தில் இல்லாதவை. எது உங்கள் கடமை, எது பிறர் ஏற்றிவிட்டது என்று பிரித்துப் பார்த்தாலே உங்களுக்குப் பாதி மூச்சு வரும்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெழுபதுதரம் மன்னிக்கும்படி பேதுருவுக்குச் சொன்ன அதிகாரம். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் 21ஆம் வசனத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு ஆறு வசனம் முன்னால் இயேசு என்ன சொல்கிறார்? உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப் போலவும் ஆயக்காரனைப் போலவும் இருப்பானாக. இதைச் சொன்னவரும் ஏழெழுபது சொன்னவரும் ஒருவரே, சொன்னதும் ஒரே உரையாடலில். தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்வது மன்னிப்புக்கு விரோதம் என்று அவர் நினைத்திருந்தால் இரண்டையும் இப்படி அடுத்தடுத்து வைத்திருக்கமாட்டார்.

அடுத்து வருகிற உவமையில் இரண்டு கடன்கள் இருக்கின்றன. ராஜாவுக்கு வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. அவனுக்கு உடன்வேலைக்காரன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். ராஜா அவன் கடனை முழுசும் மன்னித்துவிட்டார், அவனோ வெளியே போய் உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரித்தான். திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமையில் ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு 6,000 பணம். இன்றைக்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உடன்வேலைக்காரனின் கடன் 50,000 ரூபாய். ராஜாவுக்குத் தரவேண்டிய கடன் 3,000 கோடி ரூபாய். பதினாயிரம் தாலந்தின் பிரமாண்டத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். எனக்கு இந்த நூறு பணம்தான் முக்கியமாகப்படுகிறது. கூலிக்குப் போகிற ஆளுக்கு 50,000 ரூபாய் சின்னத் தொகையா? மூன்று மாதத்துக்குமேல் அடுப்பு எரியும். "உனக்கு நடந்தது ஒன்றுமில்லை, விட்டுத்தள்ளு" என்று இயேசு சொல்லவேயில்லை. உனக்கு உண்மையாகவே நஷ்டம் ஆகியிருக்கிறது, எண்ணிக் கணக்குப் போடக்கூடிய நஷ்டம், ஆனாலும் நீ அவன் தொண்டையை நெரிக்கக்கூடாது, ஏனென்றால் உன் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்ட கை அதைவிடப் பெரியது என்கிறார். உங்கள் அண்ணன் செய்ததைச் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும், நீங்கள் அதை நம்பினால்தான் மன்னிப்பு என்று நினைக்காதீர்கள். பெரிய விஷயம் என்று ஒத்துக்கொண்டு மன்னிப்பதுதான் கடினம், அதைத்தான் நம்மிடம் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் எதை விடவேண்டும்? கழுத்தை நெரிக்கிற கையை விடவேண்டும். அவருக்குக் கெடுதல் வரவேண்டும் என்ற ஆசையை, நான் பட்ட பாட்டை அவரும் படட்டும் என்ற கணக்கை, அவர் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உள்ளுக்குள் வருகிற அந்தச் சின்ன சந்தோஷத்தை விடவேண்டும். "பழிவாங்குதல் எனக்குரியது" என்று கர்த்தர் சொல்லியிருப்பதால் அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சொத்தில் உங்கள் பங்கு என்பது வேறு விஷயம்.

இதை வாழ்ந்து காட்டியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கிரகாம் ஸ்டெய்ன்ஸ் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1965இல் ஒடிசா வந்து மயூர்பஞ்ச் மாவட்டம் பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்காக 34 வருஷம் உழைத்தவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில் தன் வண்டிக்குள் இரண்டு மகன்களோடு படுத்திருந்தார். பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு 6. நள்ளிரவுக்குப் பின் ஒரு கும்பல் வந்து வண்டிக்குத் தீ வைத்தது. மூன்று பேரும் வெளியே வரமுடியாமல் எரிந்து இறந்தார்கள். பாரிபடாவில் மனைவி கிளாடிஸும் 13 வயது மகள் எஸ்தரும்தான் மிச்சம். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்று கிளாடிஸ் சொன்னார். அடக்க ஆராதனையில் தாயும் மகளும் எழுந்து நின்று பாடினார்கள்.

இதுவரை எல்லாப் பிரசங்கத்திலும் வரும். இதற்கு மேல் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. மன்னிப்பையும் குற்றத்துக்கான விளைவையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்று கிளாடிஸ் தெளிவாகவே பேசினார். மன்னிப்பது அவருடைய பங்கு, சட்டம் செய்யவேண்டியதைச் சட்டம் செய்யும். விசாரணை நடந்தது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த வழக்கெல்லாம் நடந்ததால் கிளாடிஸின் மன்னிப்பு பொய்யாகிவிட்டதா? கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பிறகும் பாரிபடாவிலேயே 2004 வரை தங்கி, அதே தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த மாநிலத்து ஜனங்கள்மீது அவருக்கு வெறுப்பில்லை என்பதற்கு அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

வேதத்திலும் இதே மாதிரி ஒரு ராத்திரி இருக்கிறது. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமலே அடித்துச் சிறையில் போட்டார்கள். பூமியதிர்ச்சியில் கதவெல்லாம் திறந்து, கைதிகள் ஓடிப்போனார்கள் என்று பயந்து சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனபோது, "உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே" என்று சத்தமிட்டது பவுல்தான். தன் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவனுடைய உயிரைக் காப்பாற்றினார். விடிந்ததும் அதிகாரிகள், சத்தமில்லாமல் கிளம்பிப் போகலாம் என்று ஆள் அனுப்பினார்கள். அதற்குப் பவுல் சம்மதிக்கவில்லை. ரோமரான எங்களை நியாயம் விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள். சத்துருவின் உயிரைக் காப்பாற்றிய அன்பும், செய்த அநியாயத்தை ஒத்துக்கொள் என்ற கண்டிப்பும் ஒரே மனுஷனிடத்தில், சில மணி நேர இடைவெளியில்.

சரி, வழக்கு. உங்கள் குருவானவர் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சகோதரனோடு சகோதரன் நீதிமன்றத்தில் வழக்காடுவதைப் பவுல் அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். அதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு முதலில் யார்மேல் விழுகிறது பாருங்கள். உங்களுக்குள் இதைத் தீர்க்கத்தக்க ஒரு விவேகிகூட இல்லையா என்று சபையைப் பார்த்துத்தான் கேட்கிறார். அடுத்து, சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறீர்களே என்று ஏமாற்றியவர்களைக் கேட்கிறார். அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், இது எப்படி எழுதப்பட்டது?" என்று உங்கள் சேகரம் ஒரு தடவையாவது கேட்டதா? அதைச் செய்யாமல் உங்களிடம் மட்டும் வந்து வாபஸ் வாங்கு என்பது அந்த அதிகாரத்தைப் பாதியோடு நிறுத்திக்கொள்வது. சாட்சிக்கேடு பத்திர ஆபீசிலேயே நடந்துவிட்டது, கோர்ட்டில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. திருவிதாங்கூரில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று 1916ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருந்தது. மேரி ராய் என்ற கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் தன் சொந்தச் சகோதரன்மீதே வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் 1986இல் அது அங்கே செல்லாமல் போனது. அவரைத் திட்டிய சபைகள் இருந்தன. இன்று எத்தனையோ கிறிஸ்தவப் பெண்கள் அந்தத் தீர்ப்பின் பலனை அனுபவிக்கிறார்கள். ஆகவே உரிமை கேட்பதே பாவம் என்று யாரும் உங்களைக் குற்றப்படுத்தவிடாதீர்கள்.

அதே சமயம், லூக்கா 12இல் ஒருவன் கூட்டத்திலிருந்து எழுந்து, ஆஸ்தியைப் பங்கிட என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று இயேசுவிடம் கேட்கிறான். உங்கள் பிரச்சினையேதான். அவர் பாகம் பிரித்துக் கொடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார். எனக்கு நியாயம் வேண்டும் என்று ஆரம்பித்த வழக்கு, அவனை நடுத்தெருவில் நிறுத்தவேண்டும் என்று போய் முடிவதை நிறையக் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். உங்கள் பங்குக்குமேல் ஒரு செண்ட்கூடக் கேட்காதீர்கள். வக்கீல் சொல்கிறார் என்பதற்காக நடக்காத எதையும் மனுவில் சேர்க்காதீர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருக்கிறது. இரண்டு தரப்பும் சம்மதித்தால் அங்கே உட்கார்ந்து பேசலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அந்தக் கதவை நீங்களே முதலில் தட்டுங்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்பதில் உங்களாலான மட்டும் அதுதான்.

ஒருவேளை ஜெபித்து, யோசித்து, இந்தச் சொத்தே வேண்டாம் என்று நீங்களாகவே விட்டுவிடத் தீர்மானித்தால் அதையும் மதிக்கிறேன். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்று பவுல் சொல்கிற வழி அது. ஆனால் நீங்களாகக் கொடுத்தால்தான் அது காணிக்கை. நாலு பேர் சுற்றி நின்று நெருக்கி வாங்கினால் இரண்டாவது தடவையும் உங்களை ஏமாற்றினதாகத்தான் அர்த்தம். உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குச் சேரவேண்டியதையும் சேர்த்து விடுகிறோமா என்று யோசித்துச் செய்யுங்கள்.

இன்னொன்று. மன்னித்தால் பழையபடி ஒட்டி உறவாட வேண்டும் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். தன்னைக் கொல்லத் தேடிவந்த சவுல் ராஜாவை எங்கேதி குகையில் கொல்லக் கிடைத்த வாய்ப்பைத் தாவீது விட்டுவிட்டு, சால்வைத் தொங்கலை மாத்திரம் அறுத்துக்கொண்டு வந்தார். சவுல் சத்தமிட்டு அழுதார். அதற்கப்புறம்? சவுல் தன் வீட்டுக்குப் போனார், தாவீதோ அரணான இடத்துக்கு ஏறிப்போனார். பிறகு இன்னொரு தடவை, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று சவுல் கூப்பிட்டபோதும் தாவீது கிட்டே போகவில்லை, தான் எடுத்து வந்திருந்த சவுலின் ஈட்டியை வாங்கிக்கொள்ள ஒரு ஆளை அனுப்பும் என்றார். மன்னிப்பை நாம் ஒருவராகவே கொடுத்துவிடலாம். நம்பிக்கை திரும்ப வர எதிராளியும் மாறவேண்டும். சகேயு மனந்திரும்பியபோது அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். உங்கள் அண்ணனிடம் அப்படி எதுவும் தெரியாதவரை இன்னொரு தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணவனிடம் அடிவாங்கிக்கொண்டு இதைப் படிக்கிற சகோதரிகள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மன்னிப்பைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற ஆலோசனை கிறிஸ்துவிடமிருந்து வருவதில்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பதை அங்கே இருந்துகொண்டும் செய்யலாம்.

இனி மனசுக்குள் இருக்கிற கசப்பு. மன்னிக்கிறேன் என்று ஜெபத்தில் சொல்கிறேன், கோயிலில் அண்ணன் பிடரியைப் பார்த்ததும் எல்லாம் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 55ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், ஆனால் நீயல்லவா, என் தோழனல்லவா, நாம் சேர்ந்துதானே தேவாலயத்துக்குப் போனோம் என்று ஒருவர் புலம்புகிறார். கூடப் பிறந்தவர், கூடவே கோயிலுக்கு வந்தவர் செய்தால் வலி அதிகம் என்பது வேதத்துக்கே தெரியும். அந்தச் சங்கீதத்தையே உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். கோபத்தைக் கர்த்தரிடம் கொட்டுவதில் பாவமில்லை. அவரிடம் கொட்டாததுதான் மற்ற இடங்களில் வழியும்.

காலமும் எடுக்கும். ராணி மரியா என்ற கேரளத்துக் கன்னியாஸ்திரீயை 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திக் குத்திக் கொன்றார்கள். நிலமற்ற ஏழைகளை வட்டிக்குக் கடன் கொடுப்பவர்களின் பிடியிலிருந்து விடுவிக்க உழைத்ததுதான் காரணம். குத்தியவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையைச் சேர்ந்த கன்னியாஸ்திரீ. அவர் சிறைக்குப் போய், அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, சகோதரனே என்று அழைத்தது 2002இல். நடுவில் ஏழு வருஷம் போயிருக்கிறது. 2006இல் சமுந்தர் விடுதலையானதற்கு அந்தக் குடும்பமே ஆதரவாக நின்றது. கேரளத்து வீட்டுக்குப் போன அவருடைய கைகளை ராணி மரியாவின் தாய் முத்தமிட்டார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் வழங்கியபோது கூட்டத்தில் சமுந்தரும் இருந்தார். இதைக் கேட்டுவிட்டு, என்னால் அந்த அளவுக்கு முடியவில்லையே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஏழு வருஷம் எடுத்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அந்த ஏழு வருஷத்தில் என்ன செய்வது? உணர்ச்சி மாறும் என்று காத்திருக்காமல் செயலில் ஆரம்பியுங்கள். யாத்திராகமம் 23இல் ஒரு சட்டம் இருக்கிறது. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், விட்டுப்போக நினைத்தாலும் விடாமல் உதவிசெய். அவனைப் பிடித்திருக்கவேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. கழுதையைத் தூக்கிவிடு, போதும். அதையே உங்கள் நிலைமையில் வைத்துப் பாருங்கள். அண்ணன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அவரைத் திருத்தும் என்று மட்டுமில்லாமல், அவர் சுகத்துக்காகவும் பிள்ளைகளுக்காகவும். முதலில் வாயிலிருந்துதான் வரும், பரவாயில்லை, சொல்லிக்கொண்டே இருங்கள். கோயில் வாசலில் எதிர்ப்பட்டால் தோத்திரம் சொல்லுங்கள், பதில் வருகிறதா என்று பார்க்காதீர்கள். வழக்கைப் பற்றி வக்கீலிடமும் உங்கள் கணவரிடமும் பேசுங்கள், பெண்கள் ஐக்கியத்தில் பேசாதீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

திருவிருந்து பற்றி. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம்தானே உங்களைத் தடுக்கிறது? மத்தேயு 5:23ஐ நிதானமாக வாசியுங்கள். உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. குறை உண்டாக்கியவன்தான் எழுந்து போகவேண்டும். அந்த வசனத்துக்கு உங்கள் அண்ணன்தான் பதில் சொல்லவேண்டும், நீங்கள் அதைச் சுமந்துகொண்டு பந்திக்கு வெளியே நிற்கிறீர்கள். மன்னிக்க விருப்பமே இல்லை, பழிவாங்கியே தீருவேன் என்று இருந்தால் எடுக்காதீர்கள் என்று நானே சொல்வேன். மன்னிக்க விரும்புகிறேன், முடியவில்லை, ஆண்டவரே உதவிசெய்யும் என்று வருகிறவர்களுக்காகத்தான் அந்த அப்பமும் இரசமும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே போய் முழங்காற்படியிடுங்கள்.

கல்யாணத்துக்கும் போங்கள். அந்தப் பெண் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அவளுக்கு நீங்கள் அத்தை. வழக்கு நடக்கும்போது போனால் கேஸ் பலவீனமாகிவிடுமோ என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கல்யாணத்துக்குப் போனதை வைத்து யாரும் பங்கை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லமுடியாது. சந்தேகமிருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மருமக்கள் கல்யாணத்தில் என்ன செய்தீர்களோ அதையே செய்யுங்கள், குறைக்கவும் வேண்டாம், ஊர் பார்க்க அதிகமாக்கவும் வேண்டாம். அங்கே யாராவது கேஸ் பேச்சை எடுத்தால், "இன்னைக்கு வேண்டாம், பிள்ளைக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்காருங்கள்.